பச்சைத் தண்ணீர் தராத மெஷின்

பிப்ரவரி 2, ஞாயிறு

புது வாஷிங் மெஷின் வந்து இறங்கியாயிற்று. பழைய இரட்டைத் தொட்டி மெஷினை இரண்டு பேர் கயிறு கட்டி மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைத் தூக்கி, விட்டுப்போன கைக்குட்டையைப் போடலாம். புதியது அப்படியில்லை. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு. சாத்தியதும் டக்கென்று பூட்டிக்கொள்கிறது. வேலை முடிகிறவரை யார் கெஞ்சினாலும் திறக்காது. எவ்வளவு தண்ணீர் என்பதைத் துணியை எடைபோட்டு அதுவே முடிவு செய்யுமாம்.

இதற்காகவே ஓவியா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். வேலைக்குப் போய் இரண்டாம் வருடம். அம்மாவுக்குப் பெரிதாக ஒன்று வாங்கித் தர வேண்டும் என்று மகளுக்குப் பிடிவாதம். முன்பலகையில் நான்கு ப்ரோக்ராம்தான், மற்றதெல்லாம் செல்போன் வழியாகத்தான் என்றாள். என் போன் பழையது, அதில் ஏறாதாம். தன் போனிலும் அவள் அப்பா போனிலும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். துவைப்பது நான், அதிகாரம் அவர்கள் இருவருக்கும்.

பள்ளியில் ஆயிரம் பிள்ளைகள் தலைமை ஆசிரியை பூங்கோதை சொன்னால் கேட்கிறார்கள். வீட்டில் ஒரு பெட்டி கேட்க மாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 5, புதன்

வெள்ளை விரிப்பில் கறை. என்ன கறை என்று இங்கே எழுதத் தேவையில்லை. பச்சைத் தண்ணீரில் அலசினால் போகும், சுடுதண்ணீர் பட்டால் துணியிலேயே ஊறி நின்றுவிடும், அவ்வளவுதான். மெஷினில் "கறை" என்று ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. அதை அழுத்தினால் நாற்பது டிகிரி. குறைக்கப் பார்த்தேன். நாற்பதுக்குக் கீழே இறங்க மறுக்கிறது. பச்சைத் தண்ணீர் வேண்டுமென்றால் செல்போனில் கேட்டு வாங்க வேண்டுமாம். கறைக்கு எது நல்லது என்று கறையே பட்டிராத யாரோ ஓர் இன்ஜினியர் தீர்மானித்திருக்கிறான்.

எங்கள் வீட்டில் விரிப்பெல்லாம் வெள்ளைதான். இவர் வேலை பார்க்கும் கரூர் ஏற்றுமதிக் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இவரே கழித்துக் கட்டியவை. சென்னியப்பன் கண்ணில் ஒரு நூல் பிசகினால் போதும், விரிப்பு வெளிநாடு போகாது, எங்கள் அலமாரிக்கு வந்துவிடும்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். நெடுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு பெண் வந்தாள். பச்சைத் தண்ணீர் ஏன் வேண்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

"எந்த மாதிரிக் கறைங்க மேடம்?"

மாங்காய் ஊறுகாய் என்றேன். ஊறுகாய்க்கு நாற்பது டிகிரிதான் சரி என்று விளக்க ஆரம்பித்தாள். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

கையால் துவைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வாளியைத் தூக்கி எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில் ஆரம்பித்துவிட்டது. வேலைக்கு வரும் சரோஜாவிடம் கொடுக்கலாம், கொடுத்தால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும். ஆக மெஷின்தான் கதி.

ஒற்றை விரிப்பைப் போட்டால் அது பந்தாகச் சுருண்டு ஒரு பக்கம் போய் நிற்கிறது. மெஷின் பிழிய மறுத்து, திரையில் இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. இரண்டு தேங்காய்ப்பூத் துண்டை நனைத்து எதிர்ப்பக்கம் போட்டேன். எடை கூடியது என்று நம்பி, தண்ணீரும் கூடுதலாக எடுத்துக்கொண்டது, பிழியவும் செய்தது. ஒரு வழியாக இதை ஏமாற்றக் கற்றுக்கொண்டேன். நாற்பது டிகிரியை மட்டும் ஏமாற்ற முடியவில்லை. விரிப்பில் பழுப்பு வட்டம் அப்படியே இருக்கிறது. மடித்து அடியில் வைத்துவிட்டேன்.

இவர் குறட்டை தாங்கவில்லை என்று சொல்லி ஓவியாவின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. குறட்டை விட்டு எத்தனையோ வருடம் ஆகிறதே என்றாவது கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 10, திங்கள்

ஜெயித்துவிட்டேன். விடிகாலையில் எழுந்து, "கறை" பொத்தானையும் "வேகம்" பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. சரி, தலையெழுத்து என்று சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து பார்த்தால், திரையில் டிகிரியே இல்லை. கண்ணாடியைத் தொட்டேன், ஜில்லென்று இருந்தது. பச்சைத் தண்ணீர்! பொத்தான் பிடித்தது கொஞ்சம் தாமதமாக வேலை செய்கிறது போலிருக்கிறது.

விரிப்பு பால் மாதிரி வெளுத்து வந்தது. மொட்டை மாடியில் நானே காயப்போட்டேன். நடுவில் இரண்டு முறை படியில் உட்கார வேண்டியிருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

தினமும் அதே தந்திரம். தினமும் பலிக்கிறது.

பள்ளியில் மாடி வகுப்புகளைப் பார்க்கப் போகும்போது படித் திருப்பத்தில் அறிவிப்புப் பலகை இருப்பது வசதியாக இருக்கிறது. நின்று படிக்கிற மாதிரி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தாவரவியல் ஆசிரியை ஸ்டெல்லா, என்னங்க மேடம் இப்பெல்லாம் கறுப்பும் மெரூனுமாவே கட்டிட்டு வர்றீங்க என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன். மேசை டிராயரில் ஒரு டப்பாவில் பச்சரிசி வைத்திருக்கிறேன். சும்மா வாயில் போட்டு மெல்ல நன்றாக இருக்கிறது. சின்ன வயதில்கூட இந்தப் பழக்கம் கிடையாது.

பிப்ரவரி 15, சனி

ஓவியா கூப்பிட்டாள். நலம் விசாரித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, வாரத்துல ஆறு நாள் கறை ப்ரோக்ராம் ஓடியிருக்கு. டெய்லி விடிகாலைல. என்ன ஆச்சு?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. ஒவ்வொரு முறை துவைத்து முடித்ததும் அது அவளுக்குச் செய்தி அனுப்புகிறதாம். துவைக்கிற மெஷினா, கோள் சொல்கிற மெஷினா? சட்னி கொட்டிவிட்டது என்றேன். ஆறு நாளுமா என்றாள். ஆமாம், ஆறு நாளும் சட்னிதான் என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். நல்லவேளை, சிரித்தாள்.

போனை வைத்த கையோடு இன்டர்நெட் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். இனி எப்படிக் கோள் சொல்கிறது பார்ப்போம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பச்சைத் தண்ணீர் போய்விட்டது. அதே இரண்டு பொத்தான்களை விரல் வலிக்க அழுத்தினேன், பால் காய்ச்சினேன், காத்திருந்தேன். நாற்பது டிகிரி. நிறுத்தினாலும் கதவு திறக்காது, உள்ளே விரிப்பு வெந்துகொண்டிருக்கிறது, நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு அறை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

இவர் எழுந்து வந்து நெட் வரவில்லையே என்றார். கம்பெனிக்காரனைக் கேளுங்கள் என்றேன். மெஷின் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு பேப்பர் படிக்கப் போய்விட்டார். எப்போதும் இப்படித்தான். நின்று பார்ப்பார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

புது வழி: "அலசல் மட்டும்" என்று ஒன்று இருக்கிறது, அதில் சூடு கிடையாது. சோப்புத் தூளைத் துணியிலேயே தூவி, அலசலில் போட்டு, தண்ணீர் நிறைந்ததும் நிறுத்தி ஊறவிட்டேன். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நிறுத்தினால் தானே அணைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. போதாத தண்ணீரைச் சோப்பு போடும் இழுப்பறை வழியாக மக்கால் மொண்டு ஊற்றினேன். ஒரு விரிப்புக்கு ஒன்றரை மணி நேரம், தரையெல்லாம் ஈரம்.

காலைப் பிரார்த்தனையில் நிற்க முடியாமல் நாற்காலி போடச் சொன்னேன். ஸ்டெல்லா அறைக்கு வந்து, மேடம், உதடெல்லாம் வெளுத்துக் கிடக்குது, டாக்டரப் பாருங்க என்றாள். ஐம்பத்தொன்றில் எல்லோருக்கும் இருப்பதுதான், நிற்கப் போகிற காலத்தில் கொஞ்சம் ஆட்டம் காட்டும் என்றேன். எத்தனை நாளாக என்றாள். ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு என்னை வேறு பள்ளியில் முதன்மைக் கண்காணிப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். மார்ச் மூன்றில் தொடக்கம். அதுவரை ஒரு நாளும் லீவு எடுக்க வழியில்லை, முடிகிறவரையும் வழியில்லை. டாக்டர், கீக்டர் எல்லாம் ஏப்ரலில்.

பிப்ரவரி 22, சனி

பள்ளி விடுமுறை, இவர் கம்பெனியில். வீடு எனக்கே எனக்கு. சேர்ந்து கிடக்கும் மூன்று விரிப்பையும் இன்று முடித்துவிடுவேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். ஓவியா நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடது கையில் ஊசி இருப்பதால் நோட்டைப் பிடிக்க முடியவில்லை, எழுத்து கோணலாக வரும்.

சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தப் போகிறார்கள் என்பது பேப்பரில் வந்திருந்ததாம். நான் பார்க்கவில்லை. மூன்று விரிப்பையும் போட்டு, தண்ணீர் நிறைந்து, இரண்டு சுற்று சுற்றியிருக்கும், கரண்ட் போனது. கதவு பூட்டியது பூட்டியபடி. உள்ளே தண்ணீர் இருக்கிறவரை அது திறக்காது. கண்ணாடிக்குப் பின்னால் பாதி வரை தண்ணீர் நின்றது. சிவப்பாக நின்றது. வீட்டுக்குள் வருகிற யாரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். இவர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மேல் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். வழுக்கி விழுந்தது. மெஷினின் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கிறது, திறந்தால் தண்ணீரை வடித்துவிடலாம் என்று ஓவியா சொல்லியிருந்தாள். தட்டை வைத்துக்கொண்டு முட்டிபோட்டேன். மூடி இறுக்கமாக இருந்தது. முழு பலத்தையும் கொடுத்துத் திருகினேன். மூடி வந்துவிட்டது, தண்ணீர் பீறிட்டு வந்தது என்பது வரை ஞாபகம் இருக்கிறது.

இவர் வந்தபோது அந்தத் தண்ணீருக்கு நடுவில் கிடந்திருக்கிறேன். வழுக்கி விழுந்து மண்டையில்தான் அடிபட்டுவிட்டது என்று முதலில் நினைத்தாராம். அவ்வளவு ரத்தம்.

எழுதிவிட்டேன். ரத்தம்.

ஹீமோகுளோபின் ஐந்துக்குச் சற்று மேலே. ஒரு பாட்டில் ஏறி முடிந்து இரண்டாவது ஏறுகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

நேற்று பெண் டாக்டர் வந்து, எத்தனை நாளாக இப்படி அதிகமாகப் போகிறது என்று கேட்டார். ஒரு பத்து நாளாக என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடி இருந்துங்க" என்றார் இவர்.

கட்டிலுக்குக் கால்மாட்டில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். டாக்டர் போன பிறகு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது, பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு எத்தன விரிப்ப வெளிச்சத்துல புடிச்சுப் பாக்கறேன். தையல் பொண்ணுக வெரல்ல ஊசி குத்திக்கிட்டா விழுகற கறை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அலமாரியில் அடியில் வைத்த விரிப்பையும் பார்த்திருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அந்த வாரம் விடிகாலையில் நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, கட்டிலில் படுத்தபடியே தன் போனிலிருந்து பச்சைத் தண்ணீருக்கு மாற்றிவிட்டது இவர்தானாம். தினமும். நெட் பெட்டியை நான் அணைத்த பிறகு அவரால் மாற்ற முடியவில்லை, அணைத்தது நான்தான் என்று தெரிந்து அதைத் திரும்பப் போடவும் தயங்கினாராம். என் தந்திரம் பலித்தது என்று நான் பூரித்துப்போனதெல்லாம் இவர் கைவேலை.

எனக்கு வந்த கோபத்தை இந்த நோட்டில் எழுத முடியாது. எழுந்து உட்கார முடிந்திருந்தால் ஏதாவது எறிந்திருப்பேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"பொம்பளைங்க சமாச்சாரம். கேட்டா உனக்குச் சங்கடமா இருக்கும்னு... நீயே சொல்லுவீன்னு பாத்துட்டே இருந்தேன்."

"நான் செத்திருந்தா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வெளியே போய்விட்டார். பிளாஸ்க்கில் காபி வாங்கிக்கொண்டு வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் சொல்லியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அதை இப்போதைக்கு அவரிடம் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

பிப்ரவரி 26, புதன்

ஓவியாவின் முறை. காலையிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், இட்லியை ஊட்டிவிட்டுக்கொண்டே அழ ஆரம்பித்தாள். "நான் கேட்டேன்ல? சட்னின்னு சொன்ன. நானும் சிரிச்சிட்டு வச்சிட்டேன்" என்றாள். மெஷின் சொன்னதை அம்மா சொன்னதைவிடக் குறைவாக நம்பிவிட்டாளாம், அதுதான் அவள் வருத்தம். அழாதே என்றேன். இட்லியில் உப்புக் குறைவு என்றும் சொன்னேன். அடிப்பாள் போலிருந்தது.

கர்ப்பப்பையில் பெரிய கட்டி, கூடவே உள்சுவர் தடித்திருக்கிறது. திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

பிளஸ் டூ தேர்வு இன்று தொடங்கியது. நான் இல்லாமலேயே தொடங்கியது. எனக்குப் பதில் போட்டவர் காலையில் போன் செய்து எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றார். ஒரு குளறுபடிகூட இல்லையாம். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மார்ச் 5, புதன்

புற்று இல்லை. ரிப்போர்ட்டை டாக்டர் இரண்டு முறை படித்துக் காட்டினார். கட்டி பெரிது, எடுத்தே ஆக வேண்டும், இன்னும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார். இவர் கும்பிட்டார். டாக்டர் பக்கம் திரும்பியா, சாமி பக்கம் திரும்பியா என்று தெரியவில்லை.

மார்ச் 8, சனி

இன்று அறுவை. பயமாக இருக்கிறது.

மார்ச் 13, வியாழன்

வீடு வந்தாயிற்று. ஆறு வாரம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. கண்ணாடியில் பார்த்தேன், உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. ஓவியா வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு தன் அறையில் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாள். துவைப்பது இவர் பொறுப்பு.

மார்ச் 17, திங்கள்

இவர் துவைப்பதைக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது ஒரு தண்டனை. துணியைப் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறார். ஓவியாவின் சட்டையில் ஒரு தையல் பிரிந்திருப்பதைக் கண்டுபிடித்து அதற்கு அரை மணி நேரம். என் உள்பாவாடையை மொட்டை மாடியில் முன்வரிசையில் காயப்போட்டிருக்கிறார் என்று ஓவியா வந்து சொன்னாள். உள்ளே போடுங்கள், அக்கம்பக்கத்தில் பார்ப்பார்கள் என்று கத்தினேன். துணிதானே, வெயில் அங்கதான் அடிக்குது என்கிறார். ஈரத்துண்டு போட்டு எடையைக் கூட்டும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தேன். நம்பாமல் பார்த்தார். பலித்ததும் ஓவியாவைக் கூப்பிட்டுக் காட்டினார், தானே கண்டுபிடித்த மாதிரி.

ஸ்டெல்லா சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். பள்ளியில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டேன். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் என்றாள். கர்ப்பப்பை எடுத்திருக்கிறது என்றே சொல், வயிற்றுவலி, காய்ச்சல் என்று ஆளுக்கொன்று பேச வேண்டாம் என்றேன். சரியென்று தலையாட்டினாள். சொல்ல மாட்டாள், தெரியும். நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் விரிப்பு மாற்றினார்கள். ஓவியா என்னைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள், இவர் பழையதை உருவினார். கூடத்தில் பக்கத்து வீட்டு ரங்கநாயகி அக்கா உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்க்க வந்தவர். ஓவியா கையில் புது விரிப்போடு நின்றாள். அறைக் கதவு திறந்தே கிடந்தது.

இவர் பழைய விரிப்பை ஜன்னலோரம் கொண்டுபோய், இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எனக்கு உடம்பு கூசியது. வையுங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். வைக்கவில்லை. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலைக் கொஞ்சமும் தாழ்த்தவில்லை.

"ஏம்புள்ள, இப்பவும் ரத்தம் படுதா?"

ஓவியா விரிப்பு மடிப்பைப் பிரிக்காமல் நின்றாள். கூடத்தில் ரங்கநாயகி அக்காவின் டம்ளர் சத்தம் நின்றது. இந்த மனிதரைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறேன், இரண்டு பிள்ளை பெற்றிருக்கிறேன், அதில் ஒன்று தங்கவில்லை. இந்தக் கேள்வியை இவர் வாயிலிருந்து இன்றுதான் கேட்கிறேன். கேட்டதுதான் கேட்டார், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?

இல்லை என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. பழக்கம்.

"கொஞ்சம் படுது" என்றேன். "நேத்து ராத்திரியில இருந்து."

"எவ்வளவு?"

விரலால் அளவு காட்டினேன். அந்த அளவுக்கு இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது ஓவியாவுக்கு நினைவு வந்தது. அவள் சொல்லியும் இவர் கேட்கவில்லை. விரிப்பைத் தோளில் போட்டபடியே டாக்டருக்குப் போன் போட்டு, அளவைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, பத்து கேள்வி கேட்டு, டாக்டரையும் ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வைத்தார்.